நாலாம் பிடி அரிசி

மூடியைத் திறந்ததும் ரஷீதா முதலில் பார்த்தது அரிசியில் இருந்த குழியைத்தான். யாரோ கைவிட்டு அள்ளியது போல ஒரு குழி. அதைச் சுற்றிலும் அரிசி நனைந்து ஒட்டிக் கிடந்தது. நேற்று வீட்டில் அவளே நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, மெழுகு உருக்கி ஊற்றிய டின் அது. கடைசியாகச் சரிபார்க்கச் சற்று முன் அவள் கத்தியால் கீறும்வரை மெழுகில் ஒரு விரிசல்கூட இல்லை.

ஒரு மணியை எடுத்து வாயில் போட்டாள். உப்புக் கரித்தது.

"என்ன லாத்தா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" மேல்தட்டின் திறப்பு வழியே தம்பி நசீருதீன் குனிந்து பார்த்தான்.

"அரிசி நனைஞ்சிருக்குடா."

"படகுக்குள்ள பானி வராம பன்னீரா வரும்? நனைஞ்சதைக் கொட்டிட்டு வேற போடுங்க. ஜல்தி. இருட்டுறதுக்குள்ள கெளம்பணும்."

ஹேடோ துறையில் கட்டியிருந்த அந்த மரப்படகு காண்ட்ராக்டர் ஜம்புலிங்கத்துடையது. கொப்பரை ஏற்றிக்கொண்டு பினாங்கு போகிறது. ஜம்புலிங்கம், படகோட்டி உதயசூரியன், இஞ்சின் பார்க்கும் நசீருதீன் என்று மூன்று பேர். கரையில் மறந்த உப்பை நடுக்கடலில் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் வேண்டியதையெல்லாம் ரஷீதாவின் கடை கட்டிக் கொடுத்திருந்தது. டின்களில் ஒட்டியிருந்த காகிதம் ஈரத்தில் உரிந்து தண்ணீர் இறைக்கும் பம்பை அடைத்துவிடும் என்று, எல்லாவற்றையும் முன்பே உரித்துவிட்டு உள்ளே இருப்பதைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தாள். முட்டைக்குத் தேங்காயெண்ணெய் பூசி உமியில் புதைத்திருந்தாள். மாசி மீன், கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், குடிதண்ணீர்ப் பீப்பாய் என்று எல்லாம் அந்த அடித்தட்டில் நெருக்கியடித்து நின்றன.

இந்த வேலையை அவளுக்குப் பழக்கியவர் கணவர் ஜெய்னுலாப்தீன். அளவில் மகா கறார். "மூணு பேர் சாப்பாட்டுல நாலாவது வயிறு ஏறிச்சுன்னா அத்தனை பேரும் பட்டினிதான்" என்று படகுக்காரர்களிடம் சண்டை பிடிப்பார். போன பயணத்தில் கடைக்குச் சரக்கு வாங்க இதே படகில் போனவர், கார் நிக்கோபாரைத் தாண்டிய ஓர் இரவில் கடலில் விழுந்தார். அடக்கம் செய்ய மையத்துகூடக் கிடைக்கவில்லை. ரஷீதா மரைன் ஹில் வீட்டில், கணவனை இழந்தவளுக்கு உரிய இத்தா இருந்தாள். அது முடிந்து வெளியே வந்த பிறகும் அழுகை வரவில்லை. கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினால் மரத்துப் போகுமே, அப்படி இருந்தது மனசு. கிள்ளிப் பார்த்தாலும் யாரையோ கிள்ளுவது போல.

நனைந்த அரிசியை வாரி வெளியே கொட்டிவிட்டு வேறு அரிசி போட்டு டின்னை நிரப்பினாள். மழை பிடித்துக்கொண்டது. மேலே தார்ப்பாயில் விழுந்த சத்தம் கீழே பலகைகளுக்குள் உருண்டு உருண்டு வந்தது. டீசலும் கொப்பரையும் கருவாடும் கலந்த வாடைக்கு அடியில், இன்னொரு வாடை, நாள்பட ஈரத்தில் கிடந்த துணியின் வாடை, விட்டு விட்டு வீசியது. அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பால் டின்களைச் சரிபார்த்தாள்.

மூலையில் இருந்த டின்னில் ஆணியால் குத்திய இரண்டு ஓட்டைகள். இரண்டையும் காகிதத்தைத் திரித்து அடைத்திருந்தது.

உலகமெல்லாம் கறார் பேசும் ஜெய்னுலாப்தீனுக்கு இந்த ஒரு திருட்டுத்தனம் உண்டு. கடையில் பால் டின்னை இப்படித்தான் குத்தி உறிஞ்சிவிட்டு, இப்படித்தான் அடைத்து வைப்பார். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவள் டின்னை மூக்கருகே கொண்டுபோனாள். திரித்த காகிதம் ஈரமாக இருந்தது.

பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. நேற்று நடந்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

வெளிநாடு போகும் படகுக்கு அரிசி அளந்தால், போகிறவர் பெயரைச் சொல்லி முதலில் ஆளுக்கு ஒரு பிடி போடுவது அவள் புகுந்த வீட்டு வழக்கம். ஜம்புலிங்கம். உதயசூரியன். நசீருதீன். நேற்று மூன்றையும் சொன்னாள். கை நிற்கவில்லை. போன பயணத்துக்குப் போட்ட கை, போன பயணத்துக்குச் சொன்ன வாய். நாலாவதாகவும் ஒரு பிடி விழுந்தது. ஒரு பெயரும்.

திறப்பின் கீழே போய் நின்று தம்பியை அழைத்தாள்.

"நீ போகாதடா."

"ஏன்?"

சொன்னாள். கேட்டதும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு சிரித்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மச்சான் போயிட்டாக லாத்தா. மனசைத் தேத்திக்கங்க."

"எனக்காக நில்லுடா. நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

"நான் இல்லாம இஞ்சினை யாரு பாக்குறது? பயமா இருந்தா அந்தப் பிடியை எடுத்துருங்களேன். கடைசி நேரத்துல யாராவது வரலைன்னா உங்க மாமி அப்படித்தானே செய்வாக? பேரைச் சொல்லி ஒரு பிடி எடுத்துத் தண்ணியில போட்டா, அந்த ஆளுக்குப் படகுல எடம் இல்ல. அவ்வளவுதான்."

அவன் காலடி தலைக்கு மேல் நடந்து பின்பக்கம் போனது. ரஷீதா அரிசி டின்னுக்கு முன் உட்கார்ந்தாள். துறைக்கு அப்பால் எங்கோ அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. மழையில் பாதி கரைந்து வந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கையை அரிசிக்குள் விட்டு, பெயரைச் சொன்னாள்.

"ஜெய்னுலாப்தீன்."

"ம்" என்றது பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

வீட்டில் கூப்பிட்டால் சொல்வாரே, அதே 'ம்'. சற்று அலுப்போடு.

அவள் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. எடுக்க நினைத்தாள். எடுக்கவில்லை. ஈரத்துணி வாடை கிட்ட வந்தது. விளக்கு வெளிச்சத்துக்குள் ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை. நகங்கள் இல்லை. அவள் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு, அது அரிசியை அள்ளியது.

ஒரு பிடி. குறையாமல், கூடாமல்.

"நசீருதீன்."

கடையில் அளக்கும்போது வரும் குரல். கறாரான குரல். படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் அந்தப் பிடி விழுந்தது.

தலைக்கு மேல் நடந்துகொண்டிருந்த காலடி நின்றது. எதுவோ கனமாகத் தண்ணீரில் விழும் சத்தம். அப்புறம் மழை. மழை மட்டும்.

"நசீர் பாய்!" உதயசூரியன் அலறினான். "அரே, நசீர் பாய்! கயிறு! கயிறு போடுங்க மொதலாளி!"

கத்த வேண்டும். டின்னை விட்டு அவள் எழவில்லை.

"இப்பச் சரியா இருக்கு" என்றது இருட்டு.

அந்தக் கை மேலாக அரிசியைத் தடவிச் சமப்படுத்தியது. மூடியை வைத்து அழுத்தியது. துணியைச் சுற்றி, இரண்டு முனைகளையும் இழுத்து ஒரு சுற்று முறுக்கிவிட்டு நின்றது. கடையில் எப்போதும் அந்த இடத்தில் அவள்தான் விரலை வைத்து அழுத்துவாள்; அவர் முடிச்சுப் போடுவார்.

மேலே ஓடும் சத்தம். யாரோ அழும் சத்தம். கை பொறுமையாகக் காத்திருந்தது.

ரஷீதா விரலை வைத்தாள்.