இரண்டுக்கும் பொதுவானவை

மவுஸ் விசைப்பலகைக்கு இடப்பக்கம் இருந்தது.

இளையாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நேற்று வேலை முடிந்து எழுந்தபோது வலப்பக்கம்தான் வைத்தாள். இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், இரண்டு பேரும் வலக்கைக்காரர்கள். இடக்கைக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் செத்துப் போய் மூன்று வருடம் ஆகிறது.

"ஏங்க, மவுஸை நீங்க மாத்தி வெச்சீங்களா?"

வாசலில் அவள் புருஷன், அச்சகக்காரர், செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நான் எதுக்கும்மா அந்த மேசைப் பக்கம் போறேன்?" என்றவர், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இளையாள் என்பது அவள் பெயரல்ல. புருஷன் வீட்டுச் சொந்தங்கள் கல்யாணமான மறுநாளே சூட்டியது. மூத்தாள் என்று ஒருத்தி இருந்தால்தானே இளையாள்? ஆகவே இவளைக் கூப்பிடும்போதெல்லாம் போனவளையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். மூத்தாளும் இந்த முன்னறையில் உட்கார்ந்துதான் அச்சகத்துக்கு வேண்டிய லேபிள்களையும் உறைகளையும் வடிவமைத்தாள். அவசர வேலை என்றால் தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல் வந்து உட்கார்ந்துவிடுவாளாம். அப்படி உட்கார்ந்த ஒரு நாள்தான், காய்ச்சலோடு, இதே நாற்காலியில் சாய்ந்தபடியே செத்துப்போனாள். அதே நாற்காலி, அதே மேசை, அதே கணினி. தனக்கும் அந்தத் தொழில் தெரியும் என்பதால்தான் பெண் கேட்டு வந்தார்கள் என்று இளையாளுக்கு இப்போது புரிகிறது. ஆளை மாற்றினார்களே தவிர நாற்காலியை மாற்றவில்லை.

வந்த இடத்தில் அவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும், பழையது வேண்டாம்.

"புதுசைப் போட்டுக்கோ. பழசு இருக்கட்டும். அவ செஞ்ச ஃபைலெல்லாம் அதுலதான் ஒழுங்கா திறக்கும்" என்றார் அச்சகக்காரர்.

கணினி மெக்கானிக் வந்து பழையதன் பக்கத்திலேயே புதியதை ஏற்றிக் கொடுத்தார். "ஒரே உறையில ரெண்டு கத்திம்மா, பார்த்து நடந்துக்கணும்" என்று சிரித்தார். "ஃபைலை நேரா தட்டித் திறக்காதீங்க. எது வந்து திறக்கும்னு சொல்ல முடியாது. முதல்ல புதுசைத் திறந்துட்டு, அதுக்குள்ளே இருந்து ஃபைலைத் திறங்க."

அப்படியேதான் செய்துவந்தாள். இருந்தும் பழையது சும்மா கிடக்கவில்லை. அவள் சாம்பல் நிறமாக வைத்த பின்புலம் மறுநாள் கரும்பச்சையாக இருக்கும். வலப்பக்கம் வைத்த கருவிப்பட்டை இடப்பக்கம் போய் நிற்கும். இரண்டும் அமைப்புகளைப் பொதுவாக வைத்துக்கொள்வதால் அப்படித்தான் கலந்துபோகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆனால் செய்து வைத்த வேலையில் எழுத்துகளும் தானாக நகர்ந்தன; அது அமைப்பில் சேர்ந்ததல்ல.

போன வாரம் ரொட்டி உறை ஒன்றை மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் அச்சகக்காரர் உதட்டைப் பிதுக்கினார். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம். நாலாம் நாள் காலை திறந்தபோது எழுத்துகளெல்லாம் ஒரு மயிரிழை நெருங்கி, கோதுமைக் கதிர்களின் படம் சற்றே சாய்ந்து, அவள் கை படாமலே அந்த உறை அழகாகியிருந்தது.

அவர் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இப்பதான் நம்ம கை மாதிரி இருக்கு."

நம்ம கை. அன்று இராப்பொழுது முழுக்க அந்த இரண்டு சொற்களும் அவளைத் தூங்கவிடவில்லை. உயிரோடு இருக்கும் சக்களத்தியென்றால் குழாயடியில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். செத்தவளுக்குக் குறையே கிடையாது, அவளோடு சண்டை போட்டு யார் ஜெயிக்க முடியும்?

இன்று மவுஸை வலப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். பிற்பகலிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே தெரு சாம்பல் நிறத்தில் கரைந்துகொண்டிருக்க, கூரைத் தகரத்தில் விழுந்த நீர் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, கணினியின் விசிறி எப்போதும்போல முனகிக்கொண்டிருக்க, இவை எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லியதாக இன்னொரு ஓசையும் கேட்பதை அவள் வெகுநேரம் கழித்தே கவனித்தாள். பின்னாலிருந்து. தரையில். சொட்டு, சொட்டாக.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். தரை காய்ந்திருந்தது.

சோப்பும் ஈர முடியும் கலந்த வாசம் மட்டும் இருந்தது.

அந்தப் பதற்றத்தில்தான் தவறு செய்தாள். ரொட்டி உறையின் ஃபைலை நேராகத் தட்டிவிட்டாள். திரை கரும்பச்சையானது. பழையது திறந்தது. நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது: 'கடந்த முறை வேலை முடியும் முன்பே மூடப்பட்டது. தொடரவா?'

அவள் எதையும் அழுத்தவில்லை. பெட்டி தானாக மறைந்தது. அம்புக்குறி நகர்ந்து ஓர் எழுத்தின் மேல் போய் நின்றது. எழுத்து ஒரு மயிரிழை நகர்ந்தது. பிறகு இன்னொன்று. நிதானமாக, பழகிய கையோடு, அவசரமே இல்லாமல்.

மவுஸ் அவள் கையில் இல்லை. அது மறுபடியும் இடப்பக்கம் இருந்தது.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "போதும்டி" என்றாள் சத்தமாக. "வாழ்ந்த வரைக்கும் வாழ்ந்தாச்சுல்ல? இது என் இடம். போ."

பழையதை மூடினாள். அதை அடியோடு நீக்கும் கட்டளையைக் கொடுத்தாள். கணினி கேட்டது: 'இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவானவற்றையும் நீக்கவா?'

ஆம்.

'எல்லாவற்றையுமா?'

ஆம். எல்லாவற்றையும்தான்.

நீலக் கோடு வளரத் தொடங்கியது. பொதுவானவை. எழுத்துருக்கள், நிறங்கள், அமைப்புகள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கோடு கால்வாசி வந்தபோது நாற்காலியின் கைப்பிடியைப் பற்றப் போனாள். விரல்களுக்கு அது தட்டுப்படவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது. கைக்கு இல்லை.

பாதி. மேசையின் விளிம்பும் இல்லை.

சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தாள். அவர் நின்றார். பக்கத்தில் வெறும் திரைச்சீலை.

பொதுவானவை. நாற்காலி. மேசை. வீடு. அவர்.

கத்தினாள். அந்தக் கத்தல் அவள் காதுக்கே வரவில்லை. மழை மட்டும் கேட்டது. எழுந்தாள். இல்லை, எழவில்லை, நாற்காலி அவளை விட்டுவிட்டது. கோடு நிறைந்தது. திரையில் புதியதன் குறியைக் காணோம். பழையது அதே இடத்தில் இருந்தது.

வாசற்கதவு திறந்தது. அச்சகக்காரர் குடையை உதறிவிட்டு உள்ளே வந்தார். "என்னம்மா, விளக்குகூடப் போடாம உக்காந்திருக்கே?"

"ஏங்க! நான் இங்கே இருக்கேன். இங்கே பாருங்க!"

அவர் அவளைக் கடந்து நடந்தார், காற்றைக் கடப்பதுபோல. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவிழ்த்துவிட்ட முடி முதுகையெல்லாம் நனைத்திருந்தது.

"பழசை எடுத்துட்டேங்க" என்றாள் உட்கார்ந்திருந்தவள். இளையாளின் குரல். அச்சு அசல் அதே குரல்.

"எடுத்துட்டியா?" அவர் சற்று யோசித்தார். அவர் முகம் இளகியது, இந்த இரண்டு வருடத்தில் இளையாளுக்காக ஒருநாளும் இளகாத முகம். "போகட்டும் விடு. நானும் ரொம்பத்தான் பிடிவாதம் பிடிச்சுட்டேன். இனிமே இது உன் இடம்மா."

இத்தனை நாளும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தாள். கேட்டுவிட்டாள்.

அவர் துண்டை எடுத்து வந்து அந்தத் தலையைத் துவட்டத் தொடங்கினார். துவட்டத் துவட்ட முடியிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவர் விரல்களில் வழிந்தது. முழங்கைகளில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, சிரித்தபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அப்போது உட்கார்ந்திருந்தவள் துண்டுக்கு அடியிலிருந்து மெல்லத் திரும்பினாள். அறையில் வேறு யாரும் பார்க்காத மூலையை நேராகப் பார்த்தாள்.

இளையாளின் முகம். வகிடு மட்டும் மறுபக்கம், இடக்கைக்காரி எடுத்ததுபோல.