பழைய போத்தலில் பிழைத்த பூனை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கீழே, இறக்கத்தில் இருக்கிறது டாக்டர் நிரஞ்சனின் மிருக வைத்தியசாலை. வியாழக்கிழமை காலை கதவைத் திறந்த கையோடு டோரீன் டீச்சர் நனைந்த குடையும் மூடிபோட்ட கூடையுமாக உள்ளே நுழைந்தார். கூடைக்குள் ஒரு மஞ்சள் பூனை கால்கள் விறைத்து, வாயோரம் நுரையோடு கிடந்தது.

"டாக்டர், என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் இதைக் கொல்லப் பாக்குறான்" என்றார்.

யாராவது பதறிக்கொண்டு வந்தால் நிரஞ்சனுக்கு இன்னும் நிதானம் கூடிவிடும். ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சீனி அளவைப் பார்த்தார். அதலபாதாளத்தில் இருந்தது. ஈறில் குளுக்கோஸ் பாகைத் தடவி, முன்னங்காலில் ஊசி ஏற்றி, உதவியாளர் ஷெரோமியிடம் பூனையைச் சூடாகப் போர்த்தச் சொன்னார். அரை மணி நேரத்தில் அது தலை தூக்கியது. மறுபடி அளவு பார்க்க அவர் காதோரத்தில் குத்தியதும் துள்ளி எழுந்து ஷெரோமியின் புறங்கையைக் கீறிவிட்டது. அவள் மருந்து போட்டுக்கொண்டே, கொலை முயற்சியில் தப்பித்தவனுக்கு இவ்வளவு கோபம் நியாயம்தான் என்றாள். துப்பறியும் தொடர் ஒன்று விடாமல் பார்க்கிறவள். வைத்தியசாலைக்கு ஒரு கொலைகாரன் வரமாட்டானா என்று நாலு வருடமாகக் காத்திருக்கிறாள்.

டீச்சர் சொன்ன கதை இது. அவர் டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறார். கல்யாணம் செய்யவில்லை. இறந்துபோன தங்கையின் மகன் றொக்சன் பூண்டுலோயாவிலிருந்து வந்து அவரோடு தங்கி, ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். பூனையின் பெயர் மிட்டாய். இரண்டு வருடத்துக்கு முன் அதற்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தது நிரஞ்சன்தான். சீனி வியாதிக்காரனுக்கு மிட்டாய் என்று பெயர் இருப்பதைச் சொல்லி அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு டீச்சர் காலையும் மாலையும் காதோரத்தில் குத்தி அளவு பார்த்து, மீன் கொடுத்து, அது தின்னும்போதே பிடரியில் இன்சுலின் போட்டு, ஒரு பிள்ளையைப் போல அதைக் காப்பாற்றி வந்தார்.

மாசியில் அவருக்குப் பித்தப்பை ஒபரேஷன். கொழும்பில் தம்பி வீட்டில் இரண்டு மாதம் இருக்க வேண்டி வந்தது. றொக்சனுக்குப் பூனை முடி பட்டாலே மூச்சிழுப்பு வரும். அதனால் மிட்டாயைத் தோழி ஜீவராணியிடம் விட்டுப் போனார். ஜீவராணி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள், பக்கத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவள். மிட்டாயே அவள் கொடுத்ததுதான். காம்பராவின் விறகுக் கொட்டகையில் பிறந்த ஜோடிக் குட்டிகளில் ஒன்று. ஊசி போடவும் நன்றாகப் பழகியிருந்தாள்.

"திரும்பி வந்து மூணு வாரமாச்சு. கொழுகொழுன்னு ஆக்கி வச்சிருந்தா டாக்டர். முன்ன மாதிரி வாளித் தண்ணிய நக்கிக்கிட்டே இருக்குறதும் இல்ல. என்மேலதான் கோவம், விட்டுட்டுப் போயிட்டேன்னு. மடியில ஏறல, காதத் தொடவே விடல. சரி, ஊசி மட்டும் போதும்னு இருந்தேன்."

ஜீவராணி பூனையோடு திருப்பித் தந்த பழைய போத்தல் தீரப் போகிறதென்று, செவ்வாய்க்கிழமை றொக்சனிடம் சொல்லி ஹட்டனிலிருந்து புதியதை வாங்கினாராம். புதன் காலை அதிலிருந்து போட்டார். மத்தியானம் பூனை தள்ளாடியது. பிறகு மீன் தின்று தேறிவிட்டது. அன்று மாலை ஜீவராணி வந்து, நல்லாத்தானே இருக்கான், ஊசியை நிறுத்திப் பார்ப்போமே என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அவளுக்கு இளகின மனசு என்று டீச்சர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பூனை தள்ளாடியதற்காக அன்று மாலை ஊசியை மட்டும் விட்டுவிட்டு, இன்று காலை மறுபடி போட்டார். பூனை விழுந்துவிட்டது.

"அவன் கையால வாங்கின மருந்து. அதுல என்னத்தையோ கலந்திருக்கான். சனிக்கிழமையோட மூட்டையக் கட்டுன்னு சொல்லிட்டேன். வளத்த கைக்கு இதுதான் கிடைச்சுது டாக்டர்" என்றார். அழுகையைவிட அவமானம்தான் அந்தக் குரலில் அதிகம்.

இரண்டு போத்தல்களையும் கொண்டுவந்திருந்தார். நிரஞ்சன் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைப் பஞ்சில் விட்டு மோந்து பார்த்தார். புதியதில் இன்சுலினுக்கே உரிய ஆஸ்பத்திரி வாடை மூக்கில் ஏறியது. பழையதில் ஒன்றுமே இல்லை. ஷெரோமியிடம் நீட்டினார். அவளும் மோந்து, கண்ணை அகல விரித்தாள். இரண்டுமே பார்க்க ஒரேபோலத் தெளிந்த நீர்தான். மூக்குக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

"பூனை ரெண்டு நாள் இங்க இருக்கட்டும் டீச்சர். சனிக்கிழமை பின்னேரம் நானே கொண்டுவந்து தர்றேன். நான் வர்ற வரைக்கும் அந்தப் பையன அனுப்பாதீங்க. ஜீவராணியையும் வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளும் மிட்டாய்க்கு ஒரு சொட்டு இன்சுலினும் கொடுக்கவில்லை. வேளைக்கு வேளை அளவு பார்த்ததில், இந்தப் பூனையின் சீனி எந்த ஆரோக்கியமான பூனைக்கும் இருக்கிற அளவிலேயே நின்றது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டால் மிட்டாய் ஓடிவந்து காலைச் சுற்றும், மருந்தும் மீனும் அங்கிருந்துதான் வரும் என்று அதற்குத் தெரியும் என டீச்சர் முன்பு பெருமையாகச் சொன்னது ஷெரோமிக்கு நினைவிருந்தது. நிரஞ்சன் பெட்டியைப் பத்துத் தரம் திறந்து மூடினார். பூனை திரும்பியும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வேனில் போகும்போது ஷெரோமி தன் முடிவைச் சொல்லிவிட்டாள். றொக்சன்தான். பழைய போத்தலில் தண்ணீரை ஊற்றிப் பூனையை மெல்ல மெல்லச் சாகடிக்கப் பார்த்திருக்கிறான்.

"தண்ணிய ஊத்தினா சீனி ஏறணும். பூனை மெலியணும், தண்ணியாக் குடிக்கணும். இது மூணு வாரம் கொழுத்துப் போய் இருந்துச்சே" என்றார் நிரஞ்சன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். சில பூனைகளுக்குச் சீனி வருத்தம் தானாகவே விலகுவதும் உண்டு என்று அவரே பாடம் எடுத்திருக்கிறாரே, அப்படி இருக்கலாமே என்று கேட்டாள். நல்ல கேள்வி, அதற்கும் பதில் பூனையின் காதில் இருக்கிறது என்றார் அவர். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. இப்படி மனுஷரின் உயிரை வாங்குவதில் அவருக்கு என்ன சந்தோஷமோ.

தோட்டத்து மாரியம்மன் கோவிலடியில் வேனை நிறுத்தினார். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. வேப்பிலைத் தோரணங்கள் காய்ந்து சருகாகத் தொங்கின. அங்கே நின்றவரிடம் திருவிழா எப்போது முடிந்தது என்று விசாரித்தார். பங்குனிக் கடைசியில் என்றார் அவர். காப்புக் கட்டியது முதல் மஞ்சள் நீராட்டு வரைக்கும் லயத்தில் ஒரு வீட்டிலும் மீன் வாடையே கிடையாது என்று பெருமையாகவும் சொன்னார். டீச்சர் கொழும்பில் இருந்த காலம் அது.

டீச்சர் வீட்டு முன்னறையில் மூவரும் இருந்தார்கள். றொக்சன் கதவடியில் பையோடு நின்றான். இருபத்திரண்டு வயது, யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜீவராணி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபது வருடப் பழக்கத்தில் அந்த வீட்டுக் குசினி அவளுக்குத் தன் வீட்டுக் குசினி மாதிரி. நிரஞ்சன் பூனைக் கூடையை மேசைமேல் வைத்தார்.

"முதல்ல ஒண்ணச் சொல்லிடுறேன். றொக்சன் வாங்கிட்டு வந்தது சுத்தமான மருந்து. ஒரு குறையும் இல்ல. பழைய போத்தல்லதான் மருந்தே இல்ல, வெறும் தண்ணி."

டீச்சர் சட்டென்று றொக்சன் பக்கம் திரும்பினார்.

"அவசரப்படாதீங்க டீச்சர். நீங்க வந்த முதல் நாள்ல இருந்தே இது நல்லாத்தான் இருந்துச்சு. அப்ப முதல் நாள்ல இருந்தே அது தண்ணிதான். போத்தல் இந்த வீட்டுக்குள்ள வரும்போதே அப்படித்தான் வந்திருக்கு. இன்னொண்ணையும் பாருங்க. தண்ணி போட்ட வரைக்கும் பூனை பிழைச்சுது. மருந்து போட்டதும் விழுந்துச்சு. தண்ணிய ஊத்தினவங்களுக்கு இதக் கொல்லுற எண்ணம் இல்ல. காப்பாத்துற எண்ணம்."

நிரஞ்சன் பூனையைத் தூக்கி அதன் காதை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு வருஷமா தினமும் குத்தின காது மிட்டாயோடது. ஓரமெல்லாம் தடிச்சு, புள்ளி புள்ளியா கறுத்திருந்துச்சு, நானே பாத்திருக்கேன். குத்தும்போது அசையாம உக்காந்திருக்கும். இந்தக் காதுல ஒரு தழும்பும் இல்ல. ஊசி பட்டதும் ஷெரோமி கையக் கிழிச்சிருச்சு. சீனி வருத்தம் குணமாகும் டீச்சர், தழும்பு மறையாது. மஞ்சள் பூனையெல்லாம் ஒரே அச்சுன்னு நானும் அன்னைக்கு ஏமாந்துட்டேன். இது மிட்டாய் இல்ல. அதோட கூடப்பிறந்தது. இதுக்கு எந்த வருத்தமும் இல்ல. வருத்தமே இல்லாத பூனைக்கு நீங்க அன்பா இன்சுலின் போட்டிருக்கீங்க."

டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நிரஞ்சன் ஜீவராணியிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார். "காப்புக் கட்டின வீட்டுக்குள்ள மீன் கொண்டுவர மாட்டீங்களே. மிட்டாய்க்கு என்ன குடுத்தீங்க?"

ஜீவராணி தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தாள். வைக்கும்போதே அவள் முகம் உடைந்துவிட்டது.

"பால் சோறு போட்டேன். பூசணிக்காய் பிசைஞ்சு போட்டேன். தொடவே இல்ல. வெளிய விட்டா எங்கயாச்சும் போயிரும்னு வீட்டுக்குள்ள வச்சே பூட்டினேன். எது தவறினாலும் ஊசி மட்டும் தவறக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டுப் போனாங்க. அதனால காலையில ஊசியப் போட்டுட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் வந்து பாத்தப்ப விறைச்சுக் கெடந்துச்சு."

தின்னாமல் இருந்தால் ஊசி போடக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அது டீச்சருக்கு இப்போதுதான் உறைத்தது. மீதியை ஜீவராணி அழுகையோடு கொட்டினாள். அன்று மாலையே டீச்சர் கொழும்பிலிருந்து போன் எடுத்து மிட்டாய் எப்படி என்று கேட்டாராம். ஒபரேஷன் செய்து இன்னும் தேறாத ஆளிடம் எப்படிச் சொல்வது? நல்லா இருக்கான் என்றாள். சொன்ன பொய்க்கு ஒரு பூனை தேவைப்பட்டது. காம்பராவில் திரிந்த மற்றதைப் பிடித்துக் கட்டிவைத்தாள். போத்தலில் தண்ணீரை நிரப்பினாள். புதுப் போத்தல் வந்தது அவளுக்குத் தெரியாது. புதன்கிழமை பூனை தள்ளாடியபோதுதான் தெரிந்தது.

"அதான் ஊசி வேணாம் வேணாம்னு கெஞ்சினேனே டீச்சர்."

டோரீன் டீச்சர் அழவில்லை. அவர் பூனையைப் பற்றிக் கேட்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"பூனை செத்தது உன் தப்பு இல்ல ஜீவா. பாதி என் தப்பு. பொய் சொன்னதையும் நான் பொறுத்துக்குவேன்" என்றார். "ஆனா வியாழக்கிழமை காலையில இந்தப் புள்ளைய நிக்க வச்சு, நீ கொலைகாரன், வெளிய போன்னு நான் கத்தினேனே. அப்ப நீ இங்கதானே இருந்த. என் தோளத் தடவிக்கிட்டு, விடுங்க டீச்சர், விடுங்க டீச்சர்னு சொல்லிக்கிட்டு. அந்த நேரத்துலகூட உனக்கு வாய் வரலையா?"

ஜீவராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கை போன போக்கில் மேசையிலிருந்த கோப்பைகளை எடுக்கப் போனாள்.

"வைங்க. நான் கழுவிக்கிறேன்" என்றார் டீச்சர்.

யாரோ வழிப்போக்கரிடம் பேசுகிற மரியாதை அது. கோப்பையை வைத்துவிட்டு ஜீவராணி பின்வாசலால் போனாள். மழை தூறியது, குடையைக்கூட எடுக்கவில்லை. ஷெரோமிக்கு அவள் பின்னால் ஓட வேண்டும்போல இருந்தது, ஆனால் ஓடிப்போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

டீச்சர் எழுந்து கதவடிக்குப் போய், றொக்சனின் பையைத் தன் கையால் எடுக்கக் குனிந்தார். உள்ளே வை ராசா, பெரியம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்றார்.

றொக்சன் பையை விடவில்லை. அவன் கோபமாகவும் பேசவில்லை. அது இருந்திருந்தாலாவது டீச்சருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"ஜீவராணி அக்கா உங்கள இழந்துருவோம்னு பயந்து பொய் சொன்னாங்க பெரியம்மா. அது எனக்கு விளங்குது" என்றான். "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே. நீ செஞ்சியாடான்னுகூட."

டீச்சர் வாயைத் திறந்தார். அந்தக் கேள்வியை இப்போது கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. கை பையிலிருந்து தானாக விலகியது. றொக்சன் டாக்டரிடம் தலையசைத்துவிட்டு, தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் இறங்கி, பஸ் நிற்கும் சந்தியை நோக்கி நடந்தான்.