எல்லைக்கல்லில் ஒரு குவளைத் தண்ணீர்

“சார்... அது என் கர்ச்சீப். அது மேல உக்காந்துகினு இருக்கீங்க!”

தாம்பரத்தில் பஸ் கிளம்பும் நேரம். அந்த இளைஞன் பதறி எழுந்தான். “சாரிங்க... சத்தியமா பாக்கல.”

செல்வமேரி முறைக்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கண்கள்... அழுது ஓய்ந்த கண்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவளுக்கு அது புரியாதா? நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

படப்பை தாண்டியதும் நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். குடையை அவள் பக்கம் சாய்த்துவிட்டு அவன் நனைந்தான்.

“நீங்களும் மலைக்கோயில் திருவிழாவுக்கா?”

“ஆமாங்க. மறைமலை நகர்ல வேலை. இப்பதான் முதல் தடவையா வரேன்.”

“அப்ப எல்லைக்கல் வழக்கம் தெரியாதே...”

அந்தக் குன்று இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்தது. பாதி ஏற்றத்தில் எல்லைக்கல். பகை உள்ளவர்கள் அங்கே ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக் குடித்த பிறகே கோயிலுக்குள் போகலாம்.

“தெரியும்,” என்றான் மெதுவாக. “அதுக்குத்தான் வந்தேன்.”

எல்லைக்கல்லருகே அவள் அப்பா சவுரிமுத்துவும் அக்கா ஞானம்மாளும் வருபவர்களுக்குக் கொடுக்கத் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவனைக் கண்டதும் அப்பாவின் முகம் கறுத்தது.

“வில்பிரட்டு! உனக்கு இங்க இன்னா வேலை?”

வில்பிரட்...! கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் கடிதம் எழுதி வைத்துவிட்டு அக்காவைக் கைவிட்டவனின் தம்பி! அப்போது ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த செல்வமேரி அவனைப் பார்த்ததே இல்லை. சட்டென்று குடையை விட்டு விலகினாள்.

“அண்ணன் வரமாட்டாருங்க. போன மாசம் அம்மா தவறிட்டாங்க. சாகறப்போ, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வாடான்னாங்க...”

அவன் சேற்றில் மண்டியிட்டான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞானம்மாள்தான் குவளையில் தண்ணீர் மொண்டாள். “அவரு செஞ்சதுக்கு நீ இன்னாத்துக்குத் தலை குனியற? குடிப்பா.”

குடித்தான். அவளுக்கும் ஊற்றினான். ஆறு வருடங்களாக வராத அழுகை ஞானம்மாளுக்கு அப்போதுதான் வந்தது. மகள் அழுவதைப் பார்த்து நின்ற சவுரிமுத்து, கையை நீட்டினார்.

“எனக்கும் ஊத்து.”

எல்லோரும் மேலே நடந்தார்கள். கடைசிப் படிகளில் செல்வமேரி அவனோடு சேர்ந்துகொண்டாள்.

“கோவமாங்க?” என்றான்.

“இருந்திச்சு... நீங்க யாருன்னு தெரிஞ்சதும்.”

“இப்ப?”

அவள் தலைகுனிந்தாள். குரல் மழைக்குள் கரைந்தது.

“தெரியறதுக்கு முன்னாடியே உங்களப் புடிச்சிருந்திச்சு... தெரிஞ்ச அப்புறமும் புடிச்சிருக்கு.”