ஒன்பதாம் அறையில் நான்கு கேபிள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்க்கும் சக்கரபாணி அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரே ஒரு ஆட்டோதான் நின்றிருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே நடை இருண்டு, பினாயில் வாடையோடு குளிர்ந்து கிடந்தது.

கம்ப்யூட்டர் பொறுப்பாளர் நிர்மலா சாவியோடு முன்னால் நடந்தாள்.

"சர்வரை எடம் மாத்திட்டோம் சார். ஐ.சி.யு. புது பில்டிங் மாடிக்குப் போயிடுச்சு. ஏ.சி. ரூமு சும்மா கெடக்குதேன்னு இங்க வச்சுட்டாங்க."

கதவில் பழைய எண் அப்படியே இருந்தது.

ஒன்பது.

சக்கரபாணியின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன் இந்த அறையில்தான் கோவிந்தராசு செத்துப்போனார். மீன்பிடிக்கிற மனிதர், நெஞ்சுவலி என்று வந்தவர். படுக்கையருகே கருவி அலறியிருக்கிறது. கதவு சாத்தியிருந்ததால் வெளியே கேட்கவில்லை. நர்ஸ் மேசையிலிருந்த திரைக்கு அந்த அலாரம் பதினோரு நிமிடம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. டூட்டியில் இருந்த செந்தமிழ்ச்செல்வி தூங்கிவிட்டாள் என்று வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

அவள் தூங்கவில்லை. அது சக்கரபாணி ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒரே சர்வருக்குள், தனித்தனிக் கம்ப்யூட்டர் போல, ஆறு விர்ச்சுவல் மெஷின்கள் ஓடின; ஸ்கேன் படங்களுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று. ஆறுக்கும் ஒற்றைக் கேபிள்தான் வழி. அந்தச் சாவுக்குச் சில நாள் முன்பு, இரண்டாவது கேபிளையும் சேர்த்து, இரண்டையும் ஒரே பாதையாகக் கட்டிக்கொடுக்கத்தான் அவனை அழைத்திருந்தார்கள். கேபிளைச் செருகினான். சர்வரிலும் சுவிட்சிலும் போட வேண்டிய செட்டிங்கைப் போடவில்லை. மச்சினன் கல்யாண வரவேற்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, 'இணைத்தாயிற்று' என எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

அந்த நாளை வரவேயில்லை. ஸ்கேன் படங்கள் மொத்தமாகக் குவிந்த அன்று ஒற்றைப் பாதை அடைத்துக்கொண்டது. கோவிந்தராசின் அலாரம் அதன் பின்னால் காத்து நின்றது. பிறகு வந்து கம்ப்யூட்டர் பதிவில் எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்ததை அழித்தான்.

இன்று நான்கு கேபிள் கேட்டிருந்தார்கள்.

"நான் மாடில நர்ஸ் டேபிள்கிட்ட இருக்கேன் சார். டெஸ்ட் பண்றப்ப போன் பண்ணுங்க" என்று நிர்மலா போய்விட்டாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. விசிறிகளின் இரைச்சல். சக்கரபாணி தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். சிறிது நேரத்தில் அந்தக் குளிரில் ஒரு வாடை கலந்தது. உப்பும் ஈர வலையும் சேர்ந்த வாடை.

விசிறிச் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம்.

யாரோ மூச்சுக்குத் திணறுவது போல.

அவன் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பழைய கேபிள்களைப் பிடுங்கினான். சர்வருக்கு வெளித்தொடர்பே கிடையாது இப்போது. ஆனால் லேப்டாப் திரையில் தகவல் போக்குவரத்தைக் காட்டும் கோடு தாழவில்லை.

ஒரு கேபிளும் இல்லாமல் ஏதோ போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

"சார், அலாரம் அடிக்குது." நிர்மலாவின் குரல் தாழ்ந்திருந்தது. "ஒன்பதாம் நம்பர்னு காட்டுது. அங்க ஏது சார் பெட்டு?"

"ஆஃப் பண்ணும்மா."

"பண்ணிட்டேன். நிக்க மாட்டேங்குது."

முதுகுக்குப் பின்னால் கட்டில் முனகியது. அறையில் கட்டில் இல்லை. அவன் திரும்பவில்லை. கழுத்தில் ஒரு மூச்சு பட்டது. விட்டு விட்டு, கெஞ்சுவது போல.

"நிர்மலா, வச்சுடாத" என்றான். "செந்தமிழ்ச்செல்வி தூங்கல. நான்தான் வேலைய முடிக்காம முடிச்சதா எழுதிட்டேன். அலாரம் லேட்டா போச்சு. கம்ப்யூட்டர் பதிவையும் நான்தான் அழிச்சேன்."



"அலாரம் நின்னுடுச்சு சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள். 

சக்கரபாணி நான்கு கேபிளையும் செருகி, இரண்டு பக்கமும் செட்டிங்கைப் போட்டு, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துச் சோதித்தான். நடந்ததை ஒரு தாளில் எழுதி நிர்வாக அறையில் கொடுத்தான். அங்கிருந்து நேரே மூலக்குளத்துக்கு வண்டியை விட்டான்.

செந்தமிழ்ச்செல்வி வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்ல, கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எட்டு மாசமா என் கண்ணையே நான் நம்பல சார்" என்றாள். "ஒருவேளை அசந்துட்டேனோ, ஒருவேளை அசந்துட்டேனோன்னு. இப்ப சொல்றீங்க."

"மன்னிச்சுடும்மா."

"அத என்கிட்ட மட்டும் கேட்டா எப்படி? செத்துப்போன அந்த ஆளோட சம்சாரம் இருக்குது. போயி சொல்லுங்க."

அவன் தலையாட்டினான். பதில் சொல்லுமுன் போன் அடித்தது. நிர்மலா.

"சார், ஒன்பதாம் ரூம்ல நிக்கிறேன். நீங்க எத்தன கேபிள் போட்டீங்க?"

"நாலு."

"ஸ்கிரீன்ல அஞ்சு சேந்திருக்குன்னு காட்டுது."

"அஞ்சாவது ஓட்டையில என்ன செருகியிருக்குன்னு பாரு."

அவள் குனிந்து பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"ஒண்ணும் இல்ல சார், வெறும் ஓட்டைதான். விரல வச்சேன்... உள்ள நாடி மாதிரி துடிக்குது."