வண்டின் முதுகில் தெரிந்த முகம்

மழை விட்டிருந்த மத்தியானம். பூங்கா வாசலில் காவலாளி டீயை உறிஞ்சிக்கொண்டே, கேமராவும் குடையுமாக வந்த இரண்டு பெண்களையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"பூச்சியைப் படம் பிடிச்சு என்னம்மா பண்ணப் போறீங்க? கல்யாண ஆல்பமா?"

அண்ணி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்திருப்பவள் அவள். கேமராவைத் தொட விடுமுறையில்தான் நேரம். கூட வந்தவள் அவள் கணவனின் தங்கை, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அண்ணி படம் எடுப்பாள். நாத்தனார் அது என்ன பூச்சி என்று சொல்வாள். வீட்டில் எலியும் பூனையுமாக இருக்கும் இருவரும் ஒத்துப்போவது இதில் மட்டும்தான், அதிலும் பாதி நேரம் சண்டை.

மூங்கில் புதரைத் தாண்டியதும் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. அப்போதுதான் தோண்டிப் போட்டது போல ஈர மண்ணின் வாடை. முழங்கால் உயரச் செடி ஒன்றின் இலையில், பச்சைப் பளபளப்பாக ஒரு வண்டு.

"பொன்வண்டு," என்றாள் அண்ணி.

"எந்தப் பொன்வண்டு அண்ணி இவ்வளவு உருண்டையா இருக்கும்? கிட்டப் போய் எடுங்க. மீசை தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

இலையிலிருந்து தண்ணீர் லென்ஸில் சொட்டாமல் நாத்தனார் குடையைப் பிடித்தாள். அண்ணி மூச்சை அடக்கி அழுத்தினாள். படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். வண்டின் முதுகு கண்ணாடி மாதிரி. அதில் அவர்கள் இருவரும் கடுகளவு தெரிந்தார்கள். குனிந்திருந்த அவள் தலை. குடைக்கடியில் நாத்தனார்.

நாத்தனாரின் தோளுக்கு மேல் இன்னொரு தலை.

இருவரும் திரும்பினார்கள். மூங்கில்தான் நின்றது.

அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

"போயிடலாம் அண்ணி," நாத்தனாரின் குரல் உள்ளே போயிருந்தது.

"ஏதோ கிளையா இருக்கும். இரு, இன்னும் ஒண்ணு."

"சொன்னாக் கேளுங்க அண்ணி..."

அண்ணி கேட்கவில்லை. வண்டு அசையாமல் காத்திருந்தது. அவள் அழுத்தினாள்.

இந்தப் படத்தில் நீளமான விரல்கள், நாத்தனாரின் வாயை ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் மூடியிருந்தன.

பின்னால் குடை விழுந்தது.

நாத்தனார் நின்ற இடத்திலேயே நின்றாள். விழி பிதுங்கியிருந்தது. சத்தமே இல்லை. அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. ஆனால் கன்னம் இரண்டும் விரல் விரலாக உள்ளே அமுங்கியிருந்தன.

"விடு! அவளை விடு!"

அண்ணி கேமராவை எறிந்துவிட்டு வெறும் காற்றைப் பிடித்து இழுத்தாள். கையில் ஏதோ சில்லென்று வழுக்கியது. நாத்தனாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கால் தரையில் தேய, இழுத்துக்கொண்டே ஓடினாள்.

காதோரம் ஒரு கிசுகிசுப்பு. அண்ணியின் சொந்தக் குரலேதான்.

"இரு... இன்னும் ஒண்ணு..."

வாசலைத் தாண்டிய பிறகுதான் நாத்தனாருக்கு மூச்சு வந்தது. இருமி இருமி அண்ணியின் கையை இறுக்கிக்கொண்டாள். காவலாளி அந்தக் கன்னங்களைப் பார்த்தான். கேட்டைப் பூட்டினான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் அண்ணி பார்த்தாள். அதன் முதுகுப் பக்கத்தில் சேற்றுக் கைத்தடம் ஒன்று அகல விரிந்து பதிந்திருந்தது. ஒரு கை நாத்தனாரின் வாயைப் பொத்தியிருந்த நேரம் முழுக்க, மற்றது இவள் மேல் இருந்திருக்கிறது.

அழுத்தித் தேய்த்தாள். கறை போயிற்று. கேமராவை எடுத்துவர யாரும் போகவில்லை.

மறுநாள் காலை கொடியில் அவள் சட்டை சுத்தமாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் கணவனின் வெள்ளைச் சட்டை. அவன் அந்தப் பூங்காப் பக்கமே போனதில்லை.

அதன் முதுகில் ஐந்து நீள விரல்கள் பதிந்திருந்தன. சேறு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.