மானுக்குச் சிவப்பு தெரியாது!

தவரத்தினத்தின் வலது தோள் கழன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிடும் போலிருந்தது.

காலையிலிருந்து சட்டி. சட்டி முடிந்தால் தட்டு. தட்டு முடிந்தால் திரும்பவும் சட்டி!

பாரிஸில் ஸ்டாலின்கிராட் சந்திக்குப் பக்கத்து ரெஸ்டோரன்ட் அது. பிரெஞ்சு முதலாளி குசினிக்குள் தலையை நீட்டி ஏதோ கேட்டான்.

"வுய், பத்ரோன்!" என்றான் தவரத்தினம்.

என்ன கேட்டான் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வந்து இறங்கிய அன்றே அக்காவின் புருஷன், அத்தான் ஞானசுந்தரம், சொல்லிக்கொடுத்த பாடம் இது.

"வெள்ளைக்காரன் என்ன கேட்டாலும் 'வுய்' எண்டு சொல்லும் தம்பி. 'ஓம்' எண்டு அர்த்தம். 'ஓம்' எண்டு சொன்னவனை ஒருத்தரும் வேலையாலை நிப்பாட்டினதில்லை!"

பாடம் பலித்தது. கோடையில் ஒருநாள் அத்தான் அவனை ஏதோ ஒரு ஒஃபிஸுக்குக் கூட்டிப் போனார். மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருத்தர் நீளமாக ஏதோ கேட்டார். அத்தான் முழங்கையில் கிள்ளினார். "வுய்!" என்றான். வெளியே வந்ததும் அத்தான் கோப்பி வாங்கித் தந்தார். ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பி!

சுவரில் இருந்த போன் அலறியது.

முதலாளி எடுத்தான். முகத்தைச் சுளித்தான். தவரத்தினத்திடம் நீட்டினான்.

"தம்பி... நான் அத்தான் கதைக்கிறன்."

"சொல்லுங்கோ அத்தான்."

"நாளைக்கு ஞாயிறு. உமக்கு லீவுதானே? விடிய வெளிக்கிட்டு நில்லும். காட்டுக்குப் போறம்... மான்!"

கையிலிருந்த தட்டு நழுவியது. தரையில் சிதறியது.

அத்தானோடு கடைசியாக மான் வேட்டைக்குப் போனவன் இராஜேந்திரன். அத்தானின் நெருங்கிய கூட்டாளி.

போனவன் திரும்பி வரவில்லை!

பாரிஸுக்கு வெளியே சாந்தியிக் காட்டுக்குள் கிடந்தான். முதுகில் அம்பு!

பேப்பரில் ஒரு மூலையில் போட்டார்கள். 'அடையாளம் தெரியாத ஆசியக்காரர். கள்ள வேட்டைக்காரர்களின் அம்பு தவறிப் பட்டிருக்கலாம்.' தமிழர்களின் லா சப்பல் கடைத்தெரு முழுக்க அடையாளம் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. விசா இல்லாத வாய் எப்படித் திறக்கும்?

அன்றைக்கு அத்தான் தனியாகத்தான் வீடு வந்தார். சாப்பிடவில்லை. காலில் போட்டிருந்த சப்பாத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

தவரத்தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இப்போது அவனுடைய முறை!

*

லா சப்பலில் பலசரக்குக் கடைக்கு மேலே, ஐந்தாம் மாடியில் ஒற்றை அறை. அத்தான், அக்கா கௌரி, தவரத்தினம் மூவருக்கும் அதுதான் வீடு.

தைலப் போத்தலைத் தேடி எடுத்தான். காலி!

"அக்கா, தைலம் முடிஞ்சுதோ?"

"நான்தான் பூசினனான் தம்பி." கௌரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கும் தோள் வலி. வலப் பக்கம்."

"கூட்டித் துடைக்க இவ்வளவு வலியோ?"

"லெ பிளாங்-மெனிலுக்கு வந்து அந்த விளையாட்டு மண்டபத்தை ஒருநாள் துடைச்சுப் பார். தெரியும்!"

அவள் இடது கையை நீட்டியபோது கண்டான். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், நீளமாக ஒரு கண்டல். நீலமும் மஞ்சளுமாக.

"உதென்ன? அத்தான் அடிச்சவரோ?"

"அவர் அடிச்சா முகத்திலைதான் அடிப்பார். இது வேலையிலை பட்டது."

தவரத்தினம் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா... நாளைக்கு மான் வேட்டைக்கு வரச் சொல்லுறார்."

கத்தி நின்றது.

"என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை. பயமாக் கிடக்கு. இராஜேந்திரனும் இப்பிடித்தான் போனவன்..."

"போகாட்டி உன்னை வீட்டாலை கலைப்பார். விலாசம் இல்லாட்டி விசாவும் இல்லை. போ." கத்தி திரும்ப ஓடத் தொடங்கியது. "ஆனா ஒண்டு. அவருக்குக் கிட்ட நிக்காதை. விளங்குதோ?"

விளங்கியது.

அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது... அத்தான் ஒரு கொலைகாரன் என்று!

*

விடியப்புறம் அவன் எழும்பியபோது கௌரி இல்லை. வேலைக்குப் போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் துடைப்பம்தான்.

கீழே அத்தான் ஓட்டும் கடை வான் உறுமிக்கொண்டு நின்றது. பின்பக்கம் முழுக்க வெங்காயச் சாக்கு.

"சாக்கை இறக்கேல்லையோ அத்தான்?"

"மான் தொடையை அதுக்குக் கீழைதானே ஒளிக்கோணும்! பொலிஸ்காரன் எல்லாத்தையும் கிண்டுவான். வெங்காயத்தைக் கிண்டமாட்டான். கண் எரியும்!"

அத்தான் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

அவர் மேலே சிவப்புக் கோட்டு. இரத்தச் சிவப்பு.

இராஜேந்திரனும் அத்தானின் சிவப்புக் கோட்டோடுதான் செத்துக் கிடந்தான். அதைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. அத்தான் அச்சு அசலாக இன்னொன்று வாங்கிவிட்டார். கிழமை முழுக்க அதைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகத் திரிந்தார். ஊருக்குக் காட்டுவதற்கென்றே திரிந்த மாதிரி!

"சிவப்பைக் கண்டா மான் ஓடாதோ அத்தான்?"

"மானுக்குச் சிவப்பு தெரியாது தம்பி. எல்லாம் சாம்பல்தான்." கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். "மனிசனுக்குத்தான் தெரியும்!"

*

காடு. பனிப்புகார். மரங்கள் அரைவாசிதான் தெரிந்தன.

"ஊஊஓஓஓ...!"

கிணற்றுக்குள் விழுந்த எருமை கதறுவது போல ஒரு சத்தம். தவரத்தினம் துள்ளி விழுந்தான்.

"ஐயோ அத்தான்! உதென்ன?"

"கிடா மான். சோடி தேடிக் கத்துது. எங்கடை வன்னிக் காட்டு மரை மானை விடப் பெரிசு."

அத்தான் பைக்குள்ளிருந்து வில்லை எடுத்துப் பூட்டினார்.

"துவக்கு இல்லையோ அத்தான்?"

"துவக்கு வெடிச்சா காவல்காரன் ஓடி வருவான். அம்புக்குச் சத்தம் இல்லை."

சத்தம் இல்லை... இராஜேந்திரனும் சத்தம் போடாமல்தான் செத்திருப்பான்!

மரங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி வந்தது. அத்தான் நின்றார். சிவப்புக் கோட்டைக் கழற்றினார்.

"இந்தாரும். போடும்."

"வேண்டாம் அத்தான்... எனக்குக் குளிரேல்லை."

"பல்லு தந்தியடிக்குது! போடும் எண்டா போடும்!"

போட்டான். கழுத்துவரை பொத்தானைப் பூட்டிவிட்டவர் அத்தான்தான். பிள்ளைக்குப் பூட்டிவிடுவது போல!

"இனி அந்த வெளியிலை போய் நில்லும். நடுவிலை."

"ஏன்...?"

அத்தான் நாணில் அம்பை வைத்தார். அம்பின் முனை தவரத்தினத்தின் நெஞ்சைப் பார்த்தது.

"நில்லும்!"

தவரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அத்தான்... அக்காவுக்காக எண்டாலும் என்னை விடுங்கோ! இராஜேந்திரனைப் பற்றி நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்!"

அத்தான் திகைத்தார். பிறகு எச்சிலைத் துப்பினார்.

"விசரா! நான் அவனைக் கொல்லேல்லை. உம்மையும் கொல்லப் போறதில்லை."

"அப்ப..?"

"கொல்லுறவன் வருவான். லூசியன் எண்டு ஒரு பாண்டிச்சேரிக்காரன். லெ பிளாங்-மெனிலிலை வில்லுப் பழக்கிறவன். இந்த வில்லும் அவனிட்டை வாங்கினதுதான். ஒரு பொம்பிளை அலுவலிலை எனக்கும் அவனுக்கும் கொழுவல், பெரிய சண்டை."

லெ பிளாங்-மெனில்... அந்தப் பெயர் தவரத்தினத்தின் மண்டைக்குள் எங்கேயோ தட்டியது. பயத்தில் நினைவில் நிற்கவில்லை.

"அண்டைக்கு இராஜேந்திரன் குளிருது எண்டான். என்ரை கோட்டைக் குடுத்தன். கோட்டைப் பாத்து ஏமாந்து லூசியன் அவனை அடிச்சிட்டான். அது எனக்கு வந்த அம்பு! ஞாயிறுகளிலை நான் இஞ்சை வாறது அவனுக்குத் தெரியும். இண்டைக்கும் வருவான். சிவப்புக் கோட்டைத் தேடுவான்..."

"ஐயோ!"

"அவன் உம்மைக் குறி பாக்கேக்கை, மரத்துக்குப் பின்னாலை நிண்டு நான் அவனைக் குறி பாப்பன்!"

"அப்ப நான்..?"

"தூண்டில்லை குத்தின புழு. மீன் பிடிபட்டாக் காணும். புழுவைப் பற்றி ஆர் யோசிக்கிறது?"

அத்தான் மரத்துக்குப் பின்னால் மறைந்தார்.

தவரத்தினம் புல்வெளி நடுவே நின்றான். ஓடினால் அத்தானின் அம்பு. நின்றால் லூசியனின் அம்பு. சிவப்புக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது.

கிளை முறிந்தது!

பனிப்புகாரைக் கிழித்துக்கொண்டு வந்தது மான். தலையில் ஒரு மரத்தையே சுமந்துகொண்டு! மூக்கிலிருந்து ஆவி பறந்தது. சிவப்புக் கோட்டை ஒரு சாமானாகவே மதிக்கவில்லை.

திடீரென்று தலையைத் திருப்பியது. எதையோ மோப்பம் பிடித்தது. வான் நின்ற பக்கம்!

ஒரே பாய்ச்சல். மறைந்தது.

"ஸ்ஸ்க்...!"

தவரத்தினம் கண்ணை இறுக்கி மூடினான். முடிந்தது. அவ்வளவுதான்.

நெஞ்சைத் தடவினான். வயிற்றைத் தடவினான்.

ஓட்டை இல்லை!

கண்ணைத் திறந்தான். அத்தான் மரத்தோடு சரிந்து இறங்கிக்கொண்டிருந்தார். விலாவுக்குள் அம்பு. வலியை விட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் அதிகம்.

"நான்... கோட்டு... போடேல்லையே..."

தலை தொங்கியது.

சருகு சரசரத்தது. புகாருக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. துடைப்பு வேலைக்குப் போடும் நீல மேலங்கி. தலைமயிரில் வெங்காயச் சருகு. கையில் வில்!

"அ... அக்கா!"

"அவருக்குக் கிட்ட நிக்காதை எண்டு சொன்னனான்," என்றாள் கௌரி. "நல்ல காலம். கேட்டனி."

தோள் வலி... இடது கையில் நாண் அடித்த கண்டல்... லெ பிளாங்-மெனில் விளையாட்டு மண்டபம்! ஒவ்வொன்றாக அவன் மண்டைக்குள் வந்து விழுந்தன.

"எப்பிடி வந்தனீங்கள்?"

"உங்களோடைதான். வெங்காயச் சாக்குக்குக் கீழை. இராஜேந்திரன் வந்த அண்டைக்கும் இப்பிடித்தான். வழி முழுக்கக் கண்ணாலை தண்ணி. இந்த மனிசனுக்காக நான் விட்ட கண்ணீர் அவ்வளவுதான்!"

"வில்லு..?"

"லூசியன் பழக்கேக்கை துடைச்சுத் துடைச்சுப் பாத்தனான். எல்லாரும் போன பிறகு எடுத்து இழுத்தனான். அந்த வேலையை எடுத்துத் தந்ததே இவர்தானே!"

"இராஜேந்திரனைக் கோட்டைப் பாத்து மாறி அடிச்சிட்டீங்களோ அக்கா?"

கௌரி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாறி அடிச்சனான் எண்டு ஆர் சொன்னது?"

தவரத்தினம் ஓரடி பின்வாங்கினான்.

"வில்லியே லே பெல் எண்ட இடத்திலை மர்கரீத் எண்டு ஒருத்தி. பாண்டிச்சேரி. பிரெஞ்சுப் பாஸ்போர்ட். அவளைக் கட்டினா இவருக்கும் பாஸ்போர்ட். லூசியனுக்கும் அவளிலை ஒரு கண். அதுதான் அந்தக் கொழுவல். ஆனா அவளைக் கட்டுறதுக்கு முதல் நான் சாகோணும்! ஊரிலை சண்டையிலை செல் குண்டு விழுந்து பெண்சாதி செத்திட்டா எண்டு இவர் ஒஃபிஸிலை போய்ச் சொன்னார். குடிவெறி கூடின நேரம் வாயாலை தானே உளறினவர். இனி என்னைப் பிளேன் ஏத்திச் செல்லடிக்குள்ளை அனுப்பினாச் சரி. பொய்யும் உண்மையாயிடும்."

"அக்கா..!"

"ரெண்டு சாட்சி கேட்டவங்களாம். 'ஓம், செத்தது உண்மை' எண்டு முதல் சொன்னவன் இராஜேந்திரன்."

"மற்றது..?"

கௌரி நாணில் இன்னொரு அம்பை வைத்தாள். இழுத்தாள். தோள் வலியில் உதட்டைக் கடித்தாள். கை மட்டும் ஆடவில்லை.

"நீ!"

ஒஃபிஸ்... மூக்குக்கண்ணாடி... முழங்கையில் கிள்ளல்... கோப்பி!

"எனக்குத் தெரியாது அக்கா! அம்மாவாணை தெரியாது! அத்தான்தான் 'வுய்' எண்டு சொல்லச் சொன்னவர்!"

"இராஜேந்திரனுக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. தெரிஞ்சு சொன்னவன். நீயும் தெரிஞ்சு சொன்னனியோ, தெரியாமல் சொன்னனியோ... நான் எப்பிடி நம்புறது?"

அவன் இரண்டு கையையும் தூக்கினான்.

கௌரி கண்ணை இடுக்கினாள். குரல் மாறியது. பிரெஞ்சு!

"ஜ த துய், துவா ஒஸி?"

அம்பு முனை. கேள்விக் குரல். பிரெஞ்சு. பயத்தில் நாக்கு தன்பாட்டில் ஓடியது...

"வுய்!"

கௌரியின் வாய் கோணியது. தோள் குலுங்கியது. வில்லைத் தாழ்த்திவிட்டு, புருஷன் செத்துக் கிடந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்!

"என்ன... என்ன கேட்டனீங்கள் அக்கா?"

"'உன்னையும் கொல்லட்டோ' எண்டு கேட்டனான்!"

தவரத்தினம் ஈரச் சருகில் பொத்தென்று குந்தினான்.

"சிவப்புத் தெரியாத மானே நீதானடா!" அவள் கண்ணைத் துடைத்தாள். "எழும்பு. கோட்டைக் கழட்டி அவருக்கு மேலை போடு. பேப்பர்காரன் பழைய கதையையே போடட்டும். ரெயில் பிடிச்சு வீட்டை போவம்."

கழற்றிப் போட்டான்.

"அக்கா... நாளைக்கே அந்த ஒஃபிஸுக்கு வாறன். நீங்கள் உயிரோடை இருக்கிறியள் எண்டு சொல்லுறன். அதுக்கு என்ன சொல்லோணும்?"

"'நோன்' எண்டு சொல்லோணும். 'இல்லை' எண்டு அர்த்தம். வடிவாப் பாடமாக்கி வை."

"நாளைக்கே சொல்லுறன்!"

"அவசரப்பட்டுத் துலையாதை! செத்தவளைப் பொலிஸ் தேடாது. ரெண்டு கேசையும் அவங்கள் மூடும்வரைக்கும் நான் செத்தே இருக்கிறன்..." கௌரி வில்லைக் கழற்றித் துடைப்பத் துணியில் சுற்றினாள். "அதுவரைக்கும் நீ எனக்கு ஒரு 'நோன்' கடன்!"