கேட்டால் பேசும் சுவர்

"காப்பி வேணுங்களா?" என்று மிருதுளா கேட்டாள்.

"வேணும்," என்றது சமையலறைச் சுவர். அது அவள் கணவன் தினகரனின் குரல். சக்கர நாற்காலியில் இருந்த அவன் உதடுகள் அசையவில்லை.

பக்கவாதத்தில் வாய் அடங்கிப்போனவர்களின் தலைக்குள் பேச்சகம் என்றொரு கருவியைப் பொருத்தினார்கள். நினைப்பதை அது சொல்லாக்கும். சொல்லை ஒலிப்பது வீட்டின் வேலை. கோவையில் எல்லா வீடுகளும் அதற்கேற்ற புது நிரலுக்கு மாறிவிட்டிருந்தன. மிருதுளாவின் வீடு மட்டும் அவள் கல்லூரி நாளில் எழுதிய வலைநிரலிலேயே ஓடியது. விளக்கும் குழாயும் கதவும் அதன் பேச்சைத்தான் கேட்கும். அதைத் தூக்கிப்போட மனசு வராமல், பேச்சகத்துக்கும் அதற்கும் நடுவே அவளே ஒரு பாலம் கட்டினாள்.

அந்தப் பாலத்தில் சொல், எண், ஆம், இல்லை போன்ற எளிய சரக்குகள்தான் கடக்கும். ஒரு நினைவு அப்படிப்பட்டதல்ல. மணமும் முகமும் இடமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் அது. அப்படியே அனுப்பினால் வலைநிரலுக்குப் பிரிக்கத் தெரியாது.

"என்னங்க யோசிக்கிறீங்க?"

"இனம் தெரியாத பொருள்," என்று வலைநிரலின் பிழைச்செய்தியைச் சொன்னது சுவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் சொல்றீங்க! இருங்க, நானே பிரிச்சு எடுத்துக்கறேன். ஆளா, ஊரா?"

"ஊர்."

"வால்பாறைங்களா?"

"ஆமா."

"மழையா?"

"ஆமா."

"நான் இருக்கறனா அதுல?"

"நனஞ்சுட்டு."

அவள் காப்பியை ஆற்றுவதை நிறுத்தினாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வலைநிரல் ஒரு கேள்விக்காகப் பிறக்கும். பதில் வந்ததும் இறந்துவிடும். அடுத்த கேள்விக்கு வேறொன்று பிறக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பாலத்தின் இந்தக் கரையில் ஆளே கிடையாது. அவள் கேட்டால் அவன் பதில் சொல்லலாம். அவனாக அழைத்தால் காதில் வாங்க யாரும் இல்லை.

ஒரு நாள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கியவள் திடுக்கிட்டாள். ஜன்னல் வெயில் நகர்ந்து வந்து அவன் முகத்தில் நேராக விழுந்திருந்தது. கன்னம் சிவந்து, வியர்வை கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டுட்டே இருந்தேன்."

அன்றே ஒரு காவல்நிரல் எழுத உட்கார்ந்தாள். பதில் சொல்லியும் இறக்காமல், பேச்சகத்தின் வாசலில் எப்போதும் காதை வைத்துக்கொண்டு நிற்கும் நிரல். பல முறை அதுவும் செத்துச் செத்து விழுந்து, கடைசியில் பிழைத்துக்கொண்டது.

"இனி எப்ப வேணும்னாலும் நீங்களே கூப்பிடலாமுங்க. நானும் தொணதொணன்னு கேட்டு உங்க உசுர வாங்க மாட்டேன்."

"சரி," என்றது சுவர்.

தாகத்துக்கு அழைத்தான், தண்ணீர் கொடுத்தாள். வெயிலுக்கு அழைத்தான், திரையை இழுத்துவிட்டாள். பிசகே இல்லை. காப்பி வேளையில்கூடக் கேட்கத் தேவையில்லை. வேண்டுமென்றால் கூப்பிடுவான் அல்லவா? நாளாக நாளாக வீடு அமைதியானது. அந்த அமைதியை அவள் தன் பாலத்தின் வெற்றி என்றே எண்ணினாள்.

ஒரு பிற்பகலில் சுவர் அழைத்தது. "மிருதுளா."

ஓடி வந்தாள். "தண்ணிங்களா?"

"இல்ல."

"வெயில் அடிக்குதா?"

"இல்ல."

"எங்காச்சும் வலிக்குதுங்களா?"

"இல்ல."

"பின்ன எதுக்குங்க கூப்பிட்டீங்க?"



"இப்படியே இன்னும் கொஞ்சம் கேளு," என்றது சுவர்.